உன் உலாவியில் பிழை இல்லை

மகனுக்கு,

இதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ தனியாக மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் உன் நண்பர்களும் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் அந்தச் சிறிய இணைய உலாவியின் முகப்புப் பக்கத்தில், சென்ற ஆண்டு ஆடி மாதத்திலிருந்து ஓர் அறிவிப்பு நிற்கிறது. மூடியவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று உறுதி சொல்லியிருந்தோம், ஒரு கணினியில் அது மறக்கவில்லை, அதனால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்துவிட்டது, காரணம் இன்னும் தெரியவில்லை, அதுவரை ஆபத்தில் இருப்பவர்கள் இதை நம்ப வேண்டாம், பொறுப்பு என்னுடையது என்று எழுதி அதன் கீழ் உன் பெயரை இட்டிருக்கிறாய். அந்தக் கணினி குற்றாலத்தில் நம் லாட்ஜின் வரவேற்பு மேசையில் இருந்தது. அதில் நடந்தது என்ன என்பது நடந்த அன்றே எனக்குத் தெரியும். உன் உலாவியில் பிழை இல்லை. நீ பொதுவில் சுமந்ததைப் பொதுவிலேயே இறக்கி வைக்க வேண்டும். ஆகவே இந்தக் கடிதத்தை அந்த அறிவிப்பு நிற்கும் இடத்திலேயே வெளியிடு. உன் நண்பர்களுக்காக ஆங்கிலத்தில் மாற்ற நேர்ந்தால், உன் அப்பா என்பதற்காக எதையும் மென்மைப்படுத்தாதே.

பாதிக்கப்பட்ட பெண் உன் பெரியப்பாவின் மகள், உனக்குத் தங்கை. அவள் பெயரை இதில் எழுதமாட்டேன். எந்த ஊருக்குப் படிக்கப் போக விரும்பினாள் என்பதையும் எழுதமாட்டேன். நம் உறவுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டும் தெரிந்தவைதான். அவர்களுக்குத் தெரியும்படி செய்தவனும் நான்தான். எனினும், செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதத்திலேயே அதை இன்னொரு முறை செய்ய எனக்கு விருப்பமில்லை.

நீ அந்த உலாவியைக் கொண்டுவந்து நிறுவிய நாள் உனக்கு நினைவிருக்கும். லாட்ஜின் மாடிக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். மேசையில் இருந்த பழைய கணினி, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மூச்சு வாங்கியது. நீ எழுதியதைப் போட்டதும் அது இளைஞனைப் போல ஓடியது. விளம்பரம் இல்லை, துள்ளும் படங்கள் இல்லை, உங்களைப் பின்தொடர அனுமதி தருகிறீர்களா என்ற பாசாங்கான கேள்வியும் இல்லை. "பழைய மிஷின் வச்சிருக்கவன் மனுசன் இல்லையாப்பா? அவனுக்கும் ஓடணும்" என்றாய். பிறகு வேறொரு வலையைக் காட்டினாய். தனி மனிதர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளில் எழுத்தாக மட்டுமே வைத்திருக்கும் பக்கங்கள் அதில் இருந்தன. விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. இன்னொரு வலையில் செய்தி நேராகப் போகாமல் பல கணினிகள் வழியாகக் கை மாறிப் போகும் என்று சொன்னபோது, "சுத்தி வளைச்சுப் போகும்படிக்கு ஒளிச்சு வைக்க என்னலே இருக்கு?" என்று நான் கேட்டேன். நீ ஜன்னல் வழியே வெளியே காட்டினாய். கீழிருந்து சாரம் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "அங்கன பாருங்க. யாருகிட்டருந்து வாங்குதோம், யாருகிட்ட குடுக்கோம், அம்புட்டுதான் ஒவ்வொருத்தருக்கும் தெரியும். சட்டி மாடிக்குப் போய்ச் சேருதா இல்லையா?" நான் விடவில்லை. "மேஸ்திரிக்கு எல்லாம் தெரியணும்லா?" என்றேன். "இதுல மேஸ்திரியே கிடையாதுப்பா" என்றாய். அன்று நாம் இருவரும் சிரித்தோம். நீ சொன்னது ஒரு பொறியியல் விவரம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மேஸ்திரி இல்லாத ஓர் அமைப்பை என்னால் கற்பனை செய்ய முடியாது என்பதே என் நோய். நம் பக்கத்தில் கேள்வி கேட்பது அக்கறை. பதில் சொல்வது மரியாதை. தென்காசி பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்காரும் பெண்ணிடம், யார் வீட்டுப் பிள்ளை, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று மூன்றையும் கேட்டு முடிக்காமல் எந்தப் பெரியவரும் டிக்கெட் எடுப்பதில்லை. வயதில் மூத்தவர் கேட்டுவிட்டால், தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது திமிர் என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். லாட்ஜ் நடத்துபவன் இதில் இன்னும் ஒரு படி மேலே. ராயகிரியிலிருந்தோ கடையத்திலிருந்தோ யாராவது அழைத்து, நம் ஊர்க்காரர் யாரும் வந்து தங்கியிருக்கிறாரா என்று கேட்டால், நான் பெயரையும் கூட வந்தவர்களையும் சேர்த்தே சொல்வேன். 'அவர்கிட்ட கேட்டா தெரியும்' என்பதுதான் இந்த ஊர் எனக்குத் தந்த பட்டம். பல்கலைக்கழகம் தந்த இயற்பியல் முதுகலைப் பட்டத்தைவிட அதை நான் பெரிதாக மதித்தேன். உன் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த காலையில் நீ குளித்துக்கொண்டிருந்தாய். உன் பதிவு எண்ணை வைத்து நானே பார்த்துவிட்டு நேராக டீக்கடைக்குப் போனேன். நீ தலை துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தெருவில் சைக்கிளில் போன ஒருவர் உன் வேதியியல் மதிப்பெண்ணைச் சொல்லி உன்னைத் தேற்றினார். உன் மதிப்பெண்ணை உனக்கு முன்பே டீக்கடை அறிந்திருந்தது. அந்தக் காலையில் நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அதன் பொருளைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதற்கான பதிலைத்தான் பின்னாளில் நிரலாக எழுதினாயோ என்று இப்போது நினைக்கிறேன்.

உன் தங்கை கணிதத்தில் பட்டம் பெற்று வீட்டில் இருந்தாள். காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்ற உன் பெரியப்பா, கடையத்து வீட்டை இன்னும் ஸ்டேஷனாகவே நடத்துகிறார் என்பது உனக்குத் தெரியும். மாலையில் பிள்ளைகளின் கைபேசிகள் அவர் முன்னால் வரிசையாக வைக்கப்படும். சாரல் சீசனில் மட்டும் சனி, ஞாயிறுகளில் நம் லாட்ஜுக்கு வந்து வரவேற்பு மேசையில் உதவி செய்ய அவளுக்கு அனுமதி உண்டு, சித்தப்பாவின் இடம் என்பதால். நீதான் அவளிடம் சொல்லியிருக்கிறாய்: "அங்கன உட்கார்ந்து எதை வேணும்னாலும் பாரு. மூடிட்டா அதுக்கே ஞாபகம் இருக்காது." அந்தச் சொல்லை நம்பி அவள் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். பெண்கள் விடுதி தேடினாள். நேர்முகத் தேர்வுக்கு நாள் பெற்றாள். பல வாரங்கள் எதுவும் வெளியே தெரியவில்லை. நீ எழுதியது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

அதை நீக்கியவன் நான். இணையத்தில் அறைகளைப் பதிவு செய்து தரும் நிறுவனம் தன் பக்கத்தை மாற்றியமைத்தது. உன் உலாவியில் அது வெறும் வெள்ளையாக நின்றது. சீசன் உச்சத்தில் இருந்தது. தென்காசியிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் எல்லோரும் வைத்திருக்கும் பெரிய உலாவியைப் போட்டு, "எல்லாம் ஞாபகம் வச்சுக்கிடும் சார், ரெண்டு எதுக்கு?" என்று உன்னுடையதை அழித்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை உன் தங்கை வந்து திரையைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, அண்ணன் போட்டது எங்க? இது வேற மாதிரில்லா இருக்கு" என்று கேட்டாள். அருவியிலிருந்து நனைந்தபடி வந்து நின்ற ஒரு குடும்பத்துக்கு நான் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சை முடிப்பதற்காக, "அண்ணன் போட்டதுதாம்மா. புது வெர்ஷன்" என்றேன். அதைப் பொய் என்றுகூட நான் அப்போது கருதவில்லை. அவள் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு அந்த நாள் வந்தது. அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை விதித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். எண்ணெய் தேய்த்த உடம்போடு திரும்பி வந்தவர்களெல்லாம் வரவேற்பறையில் ஈரமாக உட்கார்ந்திருந்தார்கள். வார நாள் என்பதால் உன் தங்கை வரவில்லை. உன் பெரியப்பா தன் ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று பார்க்க வந்து, என் நாற்காலியில் அமர்ந்து, ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தட்டினார். அந்த எழுத்து வரும், முன்பு பார்க்கப்பட்ட பக்கங்களெல்லாம் வரிசையாகக் கீழே விழுந்தன. வாழ்நாளெல்லாம் பிறர் சொல்லாததைப் படித்தவர் அவர். "ஏலே, லேடீஸ் ஹாஸ்டல், அட்மிஷன், இன்டர்வியூன்னு வருது? லாட்ஜ் நடத்துதியா, காலேஜ் நடத்துதியா?" என்று கேட்டார். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அப்போது எந்தச் சந்தேகமும் இல்லை. சீசன் கூட்டம், யார் கண்டது என்று நான் சொல்லியிருந்தால், அடுத்த எழுத்தைத் தட்டியிருப்பார். ஆனால் என் லாட்ஜில், என் மேசையில், நாலு பேர் முன்னால் எனக்குத் தெரியாத ஒன்று இருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "வேற யாரும் இல்ல அண்ணாச்சி, நம்ம பிள்ளைதான் பாக்கும். எனக்குத் தெரியாம இங்கன எதுவும் நடக்குமா?" என்றேன். அவர் முகம் மாறவில்லை. "அப்படியா, நம்ம பிள்ளையா?" என்றார். டிக்கெட்டைப் பார்த்தார். "கன்ஃபர்ம் ஆயிட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்று தெரியாமல் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று நான் வாதாட மாட்டேன். எனக்குத் தெரியும். தெரிந்தே, அரை நிமிடப் பெருமைக்காகச் சொன்னேன்.

அவளுடைய கைபேசி பறிக்கப்பட்டது. சான்றிதழ்கள் பீரோவில் பூட்டப்பட்டன. வயது வந்த, பட்டம் பெற்ற ஒரு பெண், தன் நேர்முகத் தேர்வு நாளில் வீட்டு முற்றத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கத் தொடங்கினார்கள். கைபேசி பறிபோன வாரமே, தன் அம்மாவின் கைபேசியிலிருந்து அவள் உனக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள், உன் பிரவுசர் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று. நீ உடனே என்னை அழைத்தாய். "அப்பா, அந்த மிஷின்ல ஓடினது நான் போட்டதுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." நான் நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்: "நீ போட்டதுதான்." கணினியை அனுப்பச் சொன்னாய். சாரல் ஈரத்தில் கெட்டுவிட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்றேன். அது கெடவில்லை. மாடி அறையில் துணி மூடிக் கிடக்கிறது. அதில் பதிந்திருப்பவை உன் தங்கைக்குச் சொந்தமானவை. அவள் சொல்லும்வரை அதை யாருக்கும் தரமாட்டேன், உனக்கும்கூட.

நீ அந்த அறிவிப்பை எழுதினாய். வேலை முடிந்த நேரங்களில், இல்லாத பிழையை வரி வரியாகத் தேடினாய். அறிவிப்பின் கீழே பிறர் எழுதியவற்றை நான் ஒன்றுவிடாமல் படித்தேன். செய்தி படிப்பதே குற்றமாக இருக்கும் ஒரு நாட்டிலிருந்து ஒருவர், இனி இதைப் பயன்படுத்தத் துணிவில்லை, இதுவரைக்கும் நன்றி என்று எழுதியிருந்தார். ஆரம்பத்திலிருந்து உன்னோடு இருந்த நண்பர் விலகிக்கொண்டார். எங்களைக் காட்டிக்கொடுக்க நீ யாரிடம் சம்பளம் வாங்குகிறாய் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கும் நீ பணிவாகப் பதில் எழுதியிருந்தாய். அதையெல்லாம் நான் லாட்ஜில் காபி குடித்தபடி படித்தேன். அளவீடு தவறினால், கருவியைக் குறை சொல்லும் முன் உன் கையைச் சரிபார் என்று ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவன் நான். என் கை தவறியது என்று தெரிந்துகொண்டே கருவியைத் தண்டிக்க விட்டேன், அதை உருவாக்கியவனையும் சேர்த்து. உன் அம்மாவுக்கு மட்டும் விவரம் தெரியும். நீ அழைத்துப் பேசி முடிக்கும்தோறும், "பிள்ளைகிட்ட சொல்லிட்டியளா?" என்று கேட்பாள். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போது எனக்குச் சாப்பாடு போடும்போது தேவையான சொற்கள் மட்டுமே அவளிடமிருந்து வருகின்றன.

என் கோபம் யார் மீது என்று நீ கேட்கலாம். எதையும் மறக்காமல் இருப்பதை வசதி என்று விற்கிறவர்கள் மீது உண்டு. உன் பெரியப்பா மீதும் உண்டு. பெற்ற மகளை விசாரணைக் கைதியாக வைத்திருப்பதை வளர்ப்பு என்று அவர் நம்புகிறார். ஆனால் அவர் என்றைக்கும் போல நடந்துகொண்டார், ஒளித்துச் செய்யவில்லை. ஒளித்தவன் நான். ஆகவே கோபத்தின் பெரும்பங்கு வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. அது தணியும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இந்தப் பங்குனியில் கடையத்துக்குப் போனேன். உன் பெரியப்பா வெளியே போயிருந்தார். உன் தங்கை பின்கட்டில் தன் அம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்தது முழுவதையும் அவளிடம் சொன்னேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்ணன் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டு எழுதினான், சித்தப்பா. நான் ஒண்ணுக்கும் பதில் போடல" என்றாள். பழுத்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, "தெரியாது அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை. அம்புட்டுதான சொல்ல வேண்டி இருந்துச்சு?" என்றாள். ஈடு செய்ய வேண்டும் என்ற பதற்றத்தில், "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நீ போகணும்னா சொல்லு, நானே காரை எடுத்துட்டு வந்து கொண்டு விடுதேன்" என்றேன். அவள் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு கேட்டேன்: "எங்கன போகணும்?"

அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்த வேகத்தை என்னால் மறக்க முடியவில்லை. இத்தனை மாத வெட்கத்துக்குப் பிறகும் அது அங்கேயே, நாக்கின் நுனியிலேயே இருந்தது. அவள் முகம் மூடிக்கொண்டது. "டீ போடுதேன், குடிச்சுட்டுப் போங்க" என்று எழுந்து உள்ளே போனாள். மதினி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார். டீ நன்றாக இருந்தது. வேறு எதுவும் எனக்குத் தரப்படவில்லை.

சென்ற வாரம், சீசனின் முதல் சாரல் விழுந்த காலையில், உன் பெரியப்பா லாட்ஜுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேசைக்கு முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு வந்து, "ஏலே, பிள்ளையைக் காணல" என்றார். "பீரோ பூட்டுனபடி இருக்கு, உள்ள சர்ட்டிபிகேட் இல்ல. உன் மதினிகிட்ட கேட்டா, எனக்கென்ன தெரியும்ங்கா. நீ வந்து பேசிட்டுப் போனதா சொல்லுதா. எங்கன போயிருக்கா?"

"தெரியாது, அண்ணாச்சி."

"ஒனக்குத் தெரியாமலாலே?"

"தெரியாது."

அவர் என் முகத்தை வெகுநேரம் படித்தார். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. "நீ சொல்லாம இருக்க ஆளு இல்லையே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு மழையில் இறங்கிப் போனார். வசவுகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று இதை எடுத்துக்கொள்ளாதே. 'தெரியாது' என்ற சொல்லுக்கு விலை இருந்த நாளில் நான் அதைச் சொல்லவில்லை. இன்று அது வெறும் உண்மை. அவள் என்னிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை. என்னை அறிந்து, என்னிடமிருந்து காத்துக்கொள்ள வேண்டியதைக் காத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவள் செய்தது சரி.

உன் அறிவிப்பை இன்றே எடுத்துவிடு. உன்னை விட்டுப் போன அந்தப் பழைய நண்பருக்கும், நன்றி சொல்லி விலகிய அந்த வெளிநாட்டுக்காரருக்கும் இந்தக் கடிதத்தை அனுப்பு. உன் தங்கை இப்போது உனக்கு எழுதுவாள் என்று நினைக்கிறேன், அல்லது ஏற்கெனவே எழுதியிருக்கலாம். அவள் எங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரிந்திருந்தால், நான் எப்படிக் கேட்டாலும், என் உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கேட்டாலும், எனக்குச் சொல்லாதே.

அப்பா